வுல்ஸ்லியின் இடது மட்காட்

"என்னைக் கொல்லப் பாக்கிறான், மிஸ்டர் அமலதாஸ். கத்தி எடுத்து இல்ல. ஸ்பேனர் எடுத்து!"

இராமநாதன் முதலாளி இதைச் சொல்லி முடிக்கவும் கொட்டுகொடெல்ல வீதியில் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை ஆபீசில் மார்கிரட் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். தேநீர்க் கோப்பையை முதலாளியின் முழங்கை ஓரமாக வைத்துவிட்டுத் தன் தட்டச்சு இயந்திரத்துக்குத் திரும்பினாள். அடிக்க ஒன்றும் இல்லை. காதைத் தீட்டிக்கொள்ள அது வசதியான இடம்.

அமலதாஸ் முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தார். பள்ளத்தில் விழுந்த லொறி, எரிந்துபோன தொழிற்சாலை என்று எதைக் காட்டினாலும், விபத்தா, வேண்டுமென்றே செய்த வேலையா என்று சொல்லிவிடுவார். கம்பெனி மூடியதும் அதே வேலையைச் சொந்தமாகச் செய்தார். மார்கிரட் அவரிடம் கடிதம் அடிக்க வந்தவள். மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டி கொன்வென்டில் படித்தவள். அவள் வாய்க்குத் தனிச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அமலதாஸ் அடிக்கடி சொல்வார். இதுவரை கொடுத்ததில்லை.

"யார் அந்த ஆள்?" என்று கேட்டார் அமலதாஸ்.

"ஹபீல். கட்டுகஸ்தோட்டையில கராஜ் வச்சிருக்கான். என்னோட வுல்ஸ்லி கார் அவன்கிட்டதான் போகும். நாப்பத்தொம்பதாம் வருசத்துக் கார் அது. கலஹாவில இருந்த வெள்ளக்காரத் தொரை ஊருக்குக் கப்பல் ஏறும்போது எனக்குக் குடுத்துட்டுப் போனது. பிள்ள மாதிரி வச்சிருக்கேன்."

முதலாளிக்குத் திருகோணமலை வீதியில் பித்தளைப் பாத்திரக் கடை. கலஹாவில் ஒரு கிளைக் கடை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தானே காரோட்டிக் கொண்டு போய்க் கலஹாக் கடையைப் பார்த்து வருவது அவர் வழக்கம். பொங்கலுக்குப் பிறகு அது நின்று போயிருந்தது.

"மொதல்ல பிளக் வயர மாத்தி மாட்டிக் குடுத்தான். கார் இருமிச்சு, நகரல. திரும்ப அனுப்பினேன். அத சரி பண்ணினான், பெற்றரி வயர இறுக்காம விட்டுட்டான். அதையும் சொன்னேன். பெற்றோல் பைப்புல தண்ணி! இப்ப நாலு நாளா என்ன கோளாறுன்னே தெரியல. அவன் ஆள் ஓட்டிட்டு வந்து விடும்போது நல்லாத்தான் ஓடிச்சு. மறுநாள்ல இருந்து நான் ஏறி உக்காந்தா செத்துக் கிடக்கு."

"வேற மெக்கானிக்கிட்ட குடுக்கலாமே?"

"அந்தக் காரோட குடல் தெரிஞ்சவன் கண்டியில அவன் ஒருத்தன்தான். அதாலதான் சந்தேகமே! தெரிஞ்சவன் ஏங்க தெரியாதவன் மாதிரி வேல செய்றான்?"

அமலதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்வி நல்ல கேள்வி.

"எனக்கு எதிரா கட வச்சிருக்கிறவங்க அவனக் கையில போட்டிருக்காங்க. இன்னைக்கு வயர், நாளைக்கு பிரேக். மலையில வச்சு ஆள முடிச்சிருவான். நாளைக்குக் காலையில பொலிஸ்ல என்ட்ரி போடப் போறேன். கராஜ இழுத்து மூட வைக்காம விடமாட்டேன். அதுக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும்." முதலாளி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அது சரி, வந்தவங்களுக்கு ஒரு தேத்தண்ணி குடுக்கிற பழக்கம் உங்க ஆபீஸ்ல இல்லையா?"

மார்கிரட்டின் வாய் திறந்தது. அமலதாஸ் கண்ணால் அதை மூட வைத்தார்.

முதலாளி படியிறங்கும் சத்தம் தேய்ந்ததும் அவள் வெடித்தாள். "சேர், கியூவில நின்னு வாங்கின சீனி! ரெண்டு கரண்டி போட்டேன். முழங்கைக்குப் பக்கத்துல ஆவி பறக்க நிக்குது. குடிக்கலன்னா போகட்டும். குடுக்கவே இல்லன்னு சொல்லிட்டுப் போறாரே!"

"அவர் கன்னத்தப் பாத்தியா?"

"பாத்தேன். ஒரு பக்கம் மழமழன்னு இருக்கு. மத்தப் பக்கம் கவ்வாத்து வெட்டாத தேயில மாதிரி. பணக்காரங்க பாதி ஷேவ் பண்றதுதான் இப்ப நாகரிகமோ என்னமோ."

அமலதாஸ் ஆறிப்போன கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கதிரையின் இடது பக்கத்தில் இருந்தது.

*

அம்பிட்டிய ரோட்டில் முதலாளியின் வீடு. இரும்புக் கேட்டுக்குப் புதிதாகப் பச்சை அடித்திருந்தார்கள். கேட்டைத் திறந்துவிட்ட பெண்மணி வந்தவர்களைப் பார்ப்பதற்கு முன்னால் கார் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். முதலாளியின் மனைவி ஞானேஸ்வரி. மெலிந்த உடம்பு, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி.

"யாருங்க இவங்க?"

"துப்பறியிறவங்க, ஞானம்! ஹபீலோட வண்டவாளத்தை வெளிய கொண்டு வரப் போறாங்க" என்றார் வாசலுக்கு வந்த முதலாளி.

அதுவரை கிணுகிணுத்துக்கொண்டிருந்த சாவிக் கொத்து சட்டென்று நின்றது. அந்த அம்மா அதைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க. நான் கோயிலுக்குப் போகணும். சீக்கிரம் பாத்துட்டுப் போனாங்கன்னா நல்லது" என்றார்.

கொட்டகைக்குள் வுல்ஸ்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்து நின்றது. கடும்பச்சை நிறம். மூக்கு நுனியில் முட்டை வடிவத்தில் ஒரு சின்னப் பெயர்ப்பட்டி. முதலாளி ஸ்விட்சைத் தட்ட, முன் விளக்குகளோடு அதுவும் மஞ்சளாக எரிந்தது.

"பாத்தீங்களா! எந்தக் காருக்கும் மூக்குல வெளக்கு இல்ல. இதுக்கு இருக்கு!"

அமலதாஸ் டோர்ச்சோடு கீழே படுத்தார். பிரேக்கைப் பார்த்தார். எழுந்து பெடலை மிதித்தார். மறுபடி படுத்தார். வெளியே வந்தபோது அவர் முகம் குழம்பியிருந்தது.

"பிரேக் எல்லாம் புதுசா போட்டிருக்கே. எப்ப மாத்தினீங்க?"

"நான் மாத்தலியே! ஏன், அதையும் கெடுத்துட்டானா?"

"இல்ல. கெடுக்கல."

மார்கிரட் மறுபக்கம் சுற்றிப் போயிருந்தாள். "முதலாளி, இந்தப் பக்க மட்காட்டுக்கு மட்டும் வேற பச்ச அடிச்சிருக்கீங்களே, திருஷ்டிக்கா?"

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

முதலாளி வந்து குனிந்து பார்த்தார். முகம் சிவந்தது. "அடப்பாவி! இது எப்ப? நான் அடிக்கச் சொல்லவே இல்லியே! பாத்துக்கங்க, இதுவும் அவன் வேலதான்!"

மோசமான வேலைதான். கார் கடும்பச்சை என்றால் மட்காட் வாழையிலைப் பச்சை. தூரிகைத் தடம் கோடு கோடாகத் தெரிந்தது. முன் விளக்கின் நிக்கல் வளையத்திலும் ரப்பர் பட்டியிலும் பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது. ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்தால் பொனட்டின் இடது ஓரத்தில், முன் சக்கரத்துக்கு மேல் உருண்டு நிற்கும் மட்காட் அது. நாள் தவறாமல் ஏறி உட்காரும் மனிதர் இதை எப்படி இத்தனை நாள் பார்க்காமல் இருந்தார்?

மட்காட் உடலோடு சேரும் இடுக்கில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. அமலதாஸ் பேனாக்கத்தியால் நெம்பி எடுத்தார். பெயின்டுக்கு அடியில் சிக்கிக் காய்ந்துபோன ஒரு மூங்கில் சிம்பு. பார்த்ததும் மார்கிரட்டின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இது கூடையோட விளிம்பு, சேர். தேயிலக் கொழுந்து பறிக்கிற கூடை. எங்கம்மா முதுகுல பாத்துப் பாத்து வளந்தவ நான்."

"முதலாளி, இந்தக் கார் எங்கயாவது மோதினதா?"

"என் கையிலயா?" இராமநாதன் சிரித்தார். "வாலிபத்துல இருந்து ஓட்டுறேன். ஒரு கோழி அடிபட்டதில்ல. கேட்டுப் பாருங்க ஞானத்துகிட்ட!"

அந்த அம்மா காரின் பின்பக்கம் போனார். தார்ப்பாயை இழுத்துக் காரின்மேல் போர்த்தத் தொடங்கினார். "மழ வருது. கார மூடணும்."

"கூர தலைக்கு மேல இருக்கேம்மா" என்றாள் மார்கிரட். "மழ எந்தப் பக்கமா உள்ள வரும்?"

*

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் மார்கிரட் கதையைக் கட்டி முடித்துவிட்டாள்.

"சுத்தமா வெளங்குது சேர். கராஜுல நிக்கிற கார ஹபீலோ அவன் ஆளோ எடுத்துக்கிட்டு ஊர் சுத்தி இருக்காங்க. எங்கயோ ஒரு கொழுந்து பறிக்கிற பொம்பளய அடிச்சிட்டாங்க. நசுங்கின இடத்தத் தட்டி அவசரமா பெயின்டும் அடிச்சாச்சு. கார் ரோட்டுக்கு வந்தா யாராவது அடையாளம் கண்டுருவாங்களே, அதனால ஓடாம பண்ணிக்கிட்டே இருக்காங்க. கேஸ் முடிஞ்சுது. பில் அடிச்சிரட்டா?"

"நல்ல கதை. பிரேக்க எங்க வைப்ப?"

மார்கிரட் பஸ் டிக்கட்டைச் சுருட்டத் தொடங்கினாள்.

ஹபீலின் கராஜில் கறுப்பு ஹில்மன் ஒன்று பெயின்ட் முடிந்து நின்றது. மார்கிரட் அதன் கதவில் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். அவ்வளவு பளபளப்பு. அதைத் தேய்த்துக்கொண்டிருந்த நாற்பது வயது மனிதர், அவர்கள் வந்த காரியத்தைக் கேட்டதும் கையில் இருந்த பஞ்சைக் கீழே வைத்தார்.

"வுல்ஸ்லியா? அது என்ட வேலதான். மோசமான வேல. அப்படித்தான்டு முதலாளிக்கிட்ட செல்லுங்க."

"இந்த ஹில்மன்?"

"அதுவும் நான்தான்."

"அப்ப உங்களுக்கு ரெண்டு சோடிக் கை இருக்கணும்" என்றாள் மார்கிரட்.

ஹபீல் அவளைப் பார்க்கவில்லை. அமலதாஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பிளக் வயர், பெற்றரி, பெற்றோல் எல்லாம் உங்க வேல. சரி. அந்தப் புது பிரேக்?"

"பழசாகி ஈந்திச்சி. மாத்தின."

"சாமான் கிடைக்காத காலத்துல, கேக்காமலே, காசும் வாங்காம? கார நகர விடாம பண்ணி இருக்கீங்க. தப்பித் தவறி நகந்தா உடனே நிக்கவும் வழி பண்ணி இருக்கீங்க. ஆளக் கொல்ல நினைக்கிறவன் செய்ற வேல இல்ல இது."

ஹபீல் மறுபடி பஞ்சை எடுத்தார். ஏற்கனவே துடைத்த இடத்தையே துடைத்தார்.

"நாளைக்கு முதலாளி பொலிசுக்குப் போறாரு."

"போகட்டும். வேல மோசம்டு கராஜ மூடுவாங்க. அவ்வளவுதானே."

அமலதாஸ் மூங்கில் சிம்பை ஹில்மனின் பொனட் மேல் வைத்தார். "இதுக்கும் அவ்வளவுதானா?"

ஹபீலின் கை நின்றுவிட்டது. "சேர், எனக்கு இதப் பத்திப் பேச ஏலா. வாக்குக் குடுத்தீக்கி."

"யாருக்கு?"

"போங்க சேர். எல்லாத்தையும் என் தலையில போட்டுட்டுப் போங்க."

"மட்காட்டுக்கு அடிச்ச பெயின்ட் எங்க வாங்கினீங்க?"

"டவுன்ல."

"எந்தக் கட?"

"மறந்திட்டு."

வெளியே வந்ததும் மார்கிரட் நடையை நிறுத்தினாள். "சேர், கார்ப் பெயின்டத் தூரிகையால அடிக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"அந்த வாழையிலைப் பச்சய நான் இன்னைக்கு ரெண்டு தரம் பாத்தேன். ஒண்ணு மட்காட்ல." அவள் குரல் மெல்லத் தாழ்ந்தது. "மத்தது முதலாளி வீட்டுக் கேட்டுல. அது கேட்டுக்கு வாங்கின பெயின்ட். மட்காட்டுக்கு இந்தக் கராஜுல அடிக்கல, சேர். அந்த வீட்டுக் கொட்டகையிலயே அடிச்சிருக்காங்க."

"முதலாளி கடையில இருந்த நேரமா பாத்து" என்றார் அமலதாஸ். "வா, கோயிலுக்குப் போவோம். சாமி கும்பிடப் போன அம்மாவப் பாக்கணும்."

கோயிலுக்குப் போகத் தேவை இருக்கவில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே மார்கிரட் அமலதாசின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். கலஹா பஸ்ஸில் ஏறும் கூட்டத்தில் ஞானேஸ்வரி நின்றார். தலையில் முந்தானை. கையில் கனத்த ஓலைப்பை. பை வாயிலிருந்து ஒரு கட்டாக் கருவாட்டின் வால் எட்டிப் பார்த்தது.

"கோயிலுக்குக் கருவாடு கொண்டு போறவங்கள இப்பதான் பாக்கிறேன்" என்றாள் மார்கிரட்.

*

பேராதனை தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும் மூடுபனி ஜன்னலுக்கு வந்துவிட்டது. அவர்கள் கடைசி சீட்டில் இருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஆனால் கலஹாவுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கூர்மையான வளைவில், அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டதை டிரைவரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அமலதாஸ் பார்த்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர் தேயிலைக்கு நடுவே போன குறுக்குப் பாதையில் ஏறினார். பையைத் தோள் மாற்றி மாற்றிச் சுமந்தார். பழகிய பாதை என்பது கால் வைக்கும் விதத்திலேயே தெரிந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவுக்குள் அவர் குனிந்து நுழைந்ததும், அமலதாஸ் சற்றுப் பொறுத்து வாசலில் போய் நின்றார்.

உள்ளே கட்டிலில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கட்டுப் பிரித்த கால் முழங்காலுக்குக் கீழே கோணிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஞானேஸ்வரி மாவையும் பருப்பையும் டின்களில் கொட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். டின் கை நழுவியது.

"யாரு நீங்க?" என்றாள் கட்டிலில் இருந்தவள்.

"கண்டியில இருந்து வாறோம்மா. காலுக்கு என்ன ஆச்சு?"

அவள் பெயர் ராக்கம்மா. ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "பொங்கல் கழிஞ்ச வெள்ளிக்கெழம. கொழுந்து நிறுத்துட்டு ரோட்டோரமா வந்துக்கிட்டு இருந்தேன். பகல்தான். ஆனா ஒரே பனி. ஒரு காரு வந்துச்சு. ஓரமா ஒதுங்கித்தான் நின்னேன். நேரா எம்மேல ஏறி அடிச்சிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி போயிருச்சு. கூடை மட்டும் முதுகுல இல்லன்னா செத்திருப்பேன்."

"கார் நம்பர்?"

"நம்பர் தெரியல. மூக்குல ஒரு வெளக்கு எரிஞ்சிச்சு."

ஞானேஸ்வரி சிந்திய பருப்பைப் பொறுக்கவும் இல்லை, எழவும் இல்லை.

"நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று அமலதாஸ் மெதுவாகக் கேட்டார். "ஹபீல் சும்மா கை. மூளை உங்களோடது. கார ஓட விடாம பண்ணச் சொன்னது நீங்க. கேட்டுக்கு அடிச்ச பெயின்ட் மிச்சத்த மட்காட்டுக்கு அடிக்க வச்சதும் நீங்க."

"அவருக்குத் தெரியாதுங்க!" அந்த அம்மாவின் குரல் உடைந்தது. "சத்தியமா அவருக்குத் தெரியாது!"

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அவருக்கு இடது பக்கம் பார்வையே இல்ல. இடது பக்கம் வச்ச தேத்தண்ணிய அவர் பாக்கல. இடது கன்னத்துல சவரம் இல்ல. இடது மட்காட்டுல பெயின்ட் மாறினதும் கண்ணுல படல. ரோட்டுல நடந்து போறவங்களும் இடது பக்கந்தான்."

மார்கிரட் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"மார்கழியில ஒரு நாள் கடையில மயங்கி விழுந்தாரு" என்றார் ஞானேஸ்வரி. "எழுந்து நல்லாத்தான் இருந்தாரு. ஆனா சாப்பிட உக்காந்தா இலையில பாதிதான் சாப்பிடுவாரு. மத்தப் பாதியில கறி அப்படியே இருக்கும். கறி எங்கேன்னு என்னையே கேப்பாரு. பார்வை சரியில்லங்க, காரோட்ட வேணாம்னு கெஞ்சினேன். உனக்குத்தான் கண் சரியில்லன்னு சொல்லிச் சிரிச்சாரு. அன்னைக்கு வந்து, ஏதோ கிளை உரசிருச்சுன்னாரு. போய்ப் பாத்தேன். மட்காட் நசுங்கி இருந்துச்சு. அதுல கூடைச் சிம்பு. மறுநாள் கலஹாக் கடையில இருந்து வந்த ஆள் சொன்னான், ஒரு பொம்பளய அடிச்சிட்டு ஒரு கார் ஓடிருச்சுன்னு." அவர் முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டார். "சொன்னா அவர் தாங்க மாட்டாரு. சொல்லாம விட்டா திரும்ப ஓட்டுவாரு. நான் என்னாங்க செய்வேன்? ஹபீல் கால்ல விழாத குறையா கேட்டேன். சின்ன வயசுல இருந்து எங்க வீட்டுச் சோறு சாப்பிட்ட மனுசன். மாட்டேன்னு சொல்லல."

அமலதாஸ் ராக்கம்மாவைப் பார்த்தார். அழுகையோ கூச்சலோ வரும் என்று நினைத்தார். அவள் தன் கோணிய காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு அதிர்ச்சியா இல்லையா?"

"எனக்கு எப்பவோ தெரியும்ங்க" என்றாள் ராக்கம்மா. "கோயில் சார்பா வாறேன்னு இந்தம்மா சொல்லிச்சு. எந்தக் கோயில்லங்க கருவாடு குடுத்து விடுவாங்க? சாப்பிடுற பாணுக்கே கியூவில நிக்கிற காலத்துல, சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல, வாரா வாரம் எவ இந்த மலை ஏறி வருவா? கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும். கேட்டா வரத்து நின்னு போயிருமேன்னு விட்டுட்டேன். எனக்கு இப்ப பேர் இல்ல, நாள் சம்பளமும் இல்ல. புள்ளைங்க சாப்பிடணும்ல."

ஞானேஸ்வரி தலை நிமிரவில்லை.

"கேஸ் போட்டா என் கால் நேராகப் போறதில்ல" என்றாள் ராக்கம்மா. "ஆனா ஒண்ணு. எம் மூத்த மக அதே ரோட்டுலதான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறா. அந்தக் காரு ஓடலன்னு இந்தம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எந்தக் காரு சத்தம் கேட்டாலும் இங்க உக்காந்துகிட்டு நெஞ்சப் புடிச்சிக்கிறேன்."

*

விளக்கேற்றும் நேரத்துக்கு அம்பிட்டிய ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். முதலாளி கூடத்துக் கதிரையில் காத்திருந்தார். "என்ன, ஆதாரம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது" என்றார் அமலதாஸ். எதிரே உட்கார்ந்து, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பெயின்ட், சிம்பு, மூக்கு விளக்கு, கலஹா வளைவு, ராக்கம்மாவின் கால்.

முதலாளி எழுந்துவிட்டார். "பொய்! ஹபீல் உங்களையும் வாங்கிட்டானா? என் கண்ணுக்கு என்ன கேடு? இதோ, உங்களப் பாக்கிறேன். அந்தப் பொண்ணப் பாக்கிறேன். அலுமாரியப் பாக்கிறேன். ஒரு மனுசிய அடிச்சா எனக்குத் தெரியாதா? நான் என்ன மிருகமா?"

"அம்மா எங்க, முதலாளி?"

"கோயிலுக்குப் போனவ இன்னும் வரல. வந்தா கேளுங்க, என் கண்ணப் பத்தி! ஞானம்! ஞானம்!"

"இங்கதாங்க இருக்கேன்."

குரல் அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்து வந்தது. அவர்களோடு உள்ளே வந்ததிலிருந்து ஞானேஸ்வரி அங்கேதான் நின்றிருந்தார். கணவரின் இடது பக்கம், கை எட்டும் தூரத்தில்.

முதலாளி கழுத்தைத் திருப்பினார். மனைவியின் முகம் கண்ணில் படும்வரை திருப்பினார். பார்த்தார். மறுபடி நேரே திரும்பினார். மறுபடி மனைவி இல்லை. இரண்டு மூன்று தரம் அப்படிச் செய்தார். பிறகு கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

தரையைப் பார்த்தபடி கேட்டார். "உயிரோட இருக்காளா?"

"இருக்காங்க."

"நான் நிறுத்தாமலே வந்தேனா?"

"ஆமாங்க."

"கிளைன்னு நினைச்சேன்" என்றார் இராமநாதன். "ஒரு கிளை உரசினதுன்னு நினைச்சேன், ஞானம்." முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தேம்பினார். அந்த அம்மா அவர் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மார்கிரட் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

*

மறுநாள் காலை ஹபீல் வந்தார். பொனட்டைத் திறந்தார். தன் சட்டைப் பையிலிருந்து விரல் நுனி அளவு சாமான் ஒன்றை எடுத்து உள்ளே பொருத்தினார். சாவியைத் திருப்பியதும் வுல்ஸ்லி முதல் இழுப்பிலேயே உறுமியது.

"நாலு நாளா பொக்கெட்டுலயே ஈந்திச்சி, முதலாளி. மன்னிச்சுக்கங்க" என்றார்.

முதலாளி அவர் தோளைத் தொட்டார். "நீயே ஓட்டு. கலஹாவுக்குப் போ. மொதல்ல லயத்துக்கு. அப்புறம் பொலிசுக்கு." ஞானேஸ்வரியும் அமலதாசும் மார்கிரட்டும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்கள்.

லயத்தில் அவர் அதிக நேரம் நிற்கவில்லை. என்ன பேசினார்கள் என்று வெளியே நின்ற யாருக்கும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ராக்கம்மாவின் மூத்த மகள் அவர் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டாள். அந்தக் காரைப் பார்த்ததும் அவள் அங்கேயே நின்றுகொண்டாள். அதற்குமேல் ஒரு அடியும் வரவில்லை.

பொலிசில் இருந்த சார்ஜன்ட் சிங்களவர். தோட்டப் பகுதியில் வேலை பார்த்துத் தமிழ் பழகியவர். முதலாளியைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டார். விஷயத்தைக் கேட்டதும் பேனாவைத் திறந்தார். பிறகு யோசித்து மூடினார். அவர் பார்வை பின்னால் நின்ற ஹபீலின் கிறீஸ் படிந்த கைகளில் போய் விழுந்தது.

"முதலாளி, பயப்பட வேணாம். உண்மையச் சொல்லுங்க. ஓட்டினது யாரு? இவனா?"

"நான்."

"நீங்க பெரிய மனுசன். எல்லாருக்கும் தெரியும். இந்த மாதிரி ஆளுங்களுக்காக நீங்க..."

"ஓட்டினது நான்னு சொல்றேன்ல!" இராமநாதன் மேசையில் தட்டினார். "எழுதுங்க."

"மறைச்சது நான்" என்றார் ஞானேஸ்வரி. "அதையும் எழுதுங்க."

"பெயின்ட் அடிச்சது நான்" என்றார் ஹபீல். "அதையும்தான்."

சார்ஜன்ட் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருட உத்தியோகத்தில், மாட்டிவிட வருபவர்களையும் தப்பிக்க வருபவர்களையும்தான் அவர் கண்டிருந்தார். சந்தேகம் தீராமல் அமலதாஸ் பக்கம் திரும்பினார்.

"இது என்ன விளையாட்டு? நீங்க யாரு?"

"சேர் துப்பறியிறவர், இவங்க தப்ப நிரூபிக்க வந்தாரு" என்றாள் மார்கிரட். "ஆனா எங்களுக்கு வேலையே வைக்கிறாங்க இல்ல."

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. புத்தகத்தை இழுத்து வைத்து, பேனாவை மறுபடி திறந்தார். "சரி. முதலாளியோட முழுப் பேரு?"

"என் பேர் பிறகு" என்றார் இராமநாதன். "மேல அவ பேர எழுதுங்க. ராக்கம்மா. கொழுந்து பறிக்கிறவ. அதுக்குக் கீழ என்னைப் போடுங்க."

சார்ஜன்ட் எழுத ஆரம்பித்தார்.